முறைப்பையன் சொன்ன பொய்

கோயமுத்தூர்
12.7.1998

அன்புள்ள மணி மாமாவுக்கு,

அருள்மொழி எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். நீங்கள் அங்கே நல்லபடியாக இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் சேந்தமங்கலத்தில் அலீம் பாய் மண்டிக்கு வரும். என்னோடு பயிற்சியில் சேர்ந்த இர்ஃபானா அவருடைய மகள்தான். மிளகு மூட்டை போட நீங்கள் கீழே இறங்கும்போது கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நேராக மலைக்குப் போட்டால் சோளக்காட்டுச் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொன்னவனுக்கு இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று கேட்பார்கள். கேட்டால் நான் என்ன சொல்ல?

ஊர்க்கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கெஞ்சியது நான்தான். முறைப்பையன் நீங்கள் இருக்கும்போது அப்பா என்னைப் பயிற்சிக்கென்று மலையை விட்டு இறங்க விடமாட்டார். தையில் கல்யாணம் என்று பேசியும் விட்டார்கள். நீங்களே வேண்டாமென்றால்தான் எனக்கு வழி. சொல்லுங்கள் என்றேன், சொன்னீர்கள். ஏன் என்று கேட்பார்கள் என்பது மட்டும் நம் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. ஊர்க்கவுண்டர் கேட்டதும் திருதிருவென்று முழித்துவிட்டு, "அவ கை வேலைக்கு ஆகாதுங்க" என்றீர்களே! மரவள்ளி பிடுங்குவதில் உங்களையே முந்தினவள் நான். வேறு காரணமே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அப்பா அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாரே, அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. உங்களைப் பெற்ற ராமாயி அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பேச்சு அடங்கும்வரை கண்காணாமல் இருக்கட்டும் என்று அப்பா என்னை அனுப்பிவிட்டார். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அடி உங்கள் மேல் விழுந்தது.

இங்கே பம்புசெட் செய்யும் கம்பெனி. லேத்தில் பெண்களை அப்ரண்டிஸாக எடுப்பது இதுதான் முதல் தடவை. இன்னும் லேத்தைத் தொட விடவில்லை. இரும்புக் கட்டியை அரத்தால் ராவிக்கொண்டே இருக்கிறோம். மட்டம் வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஃபோர்மேன் திருப்பித் தருகிறார். கை கொப்புளமாகிவிட்டது. வளையலைக் கழற்றச் சொன்னார்கள். தலைமுடியைத் தொப்பிக்குள் சுருட்டி வைக்க வேண்டும். மூன்று வருஷம். முடிவில் பரீட்சை எழுதினால் சர்ட்டிபிகேட், பிறகு வேலை.

அது முடிந்ததும் நானே வந்து அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். இப்போதே சொன்னால் உங்கள் முறை உங்களுக்கே திரும்பிவிடும், அடுத்த தையில் எனக்குத் தாலி ஏறிவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருள்மொழி


தேவனூர் நாடு
20.9.1998

அருளு,

உன் கடிதத்தை அலீம் பாய் என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்காமல் இருக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என்னைப் பார்த்ததும் என் மாமன், அதான் உன் அப்பா, வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து போகிறார், அவ்வளவுதான். பெண்ணை வேண்டாமென்றவன் என்று சந்தையில் பையன்கள் கூப்பிடுகிறார்கள். என் கூட்டாளி செல்லமுத்து மட்டும் பேசுகிறான். அவனும், "ஏண்டா, அந்தப் புள்ள கையி என்னடா பண்ணுச்சு உன்னைய?" என்று கேட்டுச் சிரிக்கிறான். காரணம் சொல்லத் தெரியாதவன் என்று நீ கிண்டல் பண்ணுவது சரிதான். கறுப்பு என்று சொல்லலாமா என்று பார்த்தேன். நானே உன்னைவிடக் கறுப்பு.

அம்மாதான் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆடிக்கு அண்ணன் வருவார் என்று பலாச்சுளை எடுத்து வைத்துக் காத்திருந்தது. மாமன் வரவில்லை. இதுவரை ஒரு ஆடியும் அவர் தவறியதில்லை. சுளை கெட்டுப்போன பிறகும் அம்மா அதைக் கொட்டவில்லை, நான்தான் கொட்டினேன். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, அதை விடு. நீ ராவு. மட்டம் வரும்வரை ராவு. இவ்வளவு பேச்சு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாதியில் ஓடி வந்தாய் என்றால் நானே உன்னைச் சும்மா விடமாட்டேன்.

மணிவண்ணன்


கோயமுத்தூர்
28.1.2000

அன்புள்ள மாமா,

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். உங்களைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் செம்மேட்டில் பஸ் ஏறப் போகும்போது அத்தை எதிரில் வந்துவிட்டார்கள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத் தடவினார்கள். காய்த்துக் கிடக்கும் இந்தக் கையை. "இந்தக் கையவா கண்ணு வேலைக்கு ஆவாதுன்னான் அவன்? அவனுக்கு எந்தப் பாவி சொல்லிக் குடுத்தான்னு தெரியலயே. உனக்காச்சும் தெரியுமா சாமி?" என்று கேட்டார்கள்.

தெரியலீங்கத்தை என்றேன்.

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு முழுக்க வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். மலையிலேயே பிறந்தவள் நான். அந்தப் பாவி நான்தான் மாமா. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அத்தை அன்றைக்கே அப்பாவிடம் ஓடுவார்கள், என் பெட்டி அன்றைக்கே ஊருக்கு வந்துவிடும் என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

இப்போது எனக்குத் தனி லேத் கொடுத்திருக்கிறார்கள். பம்பு ஷாஃப்ட் கடைகிறேன். அளவு ஒரு முடி அளவுக்குத் தப்பினாலும் எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். போன வாரம் நான் கடைந்ததில் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. கருப்பண்ணன் என்கிற ஃபோர்மேன் எங்களைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர். அவரே இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, தேறியதோடு வைத்துவிட்டுப் போனார். இதை யாரிடமாவது சொல்லிச் சந்தோஷப்பட வேண்டும்போல் இருந்தது. உங்களிடம்தான் சொல்ல முடியும். உங்களிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அருள்மொழி


தேவனூர் நாடு
16.1.2001

அருளு,

இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கார்த்திகையிலிருந்து கால் வீங்குகிறது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தேன். இருதயம் சோர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் வந்தாரா? காலையில் கேட்கும், சாயங்காலம் கேட்கும். வாசலில் நிழல் விழுந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

நான் மாமன் காட்டுக்குப் போனேன். மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். "மாமா, நான் ஊர்ல சொன்னது பொய்ங்க" என்றேன். ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "அவ சம்பாதிக்கப் போறான்னு தெரிஞ்சதும் பொய்யாயிருச்சா? போடா" என்றார். அம்மா படுத்திருக்கிறது என்றேன். "எம் பொண்ணைக் கேவலப்படுத்துன ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அவளை வேணா இங்க தூக்கிட்டு வா" என்றார். தூக்கிக்கொண்டு வருகிற நிலையிலா இருக்கிறது?

நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். நீ சொன்னால் நம்புவார். வேறு யார் சொன்னாலும் நடக்காது.

உனக்குப் பரீட்சை ஏப்ரலில் என்று தெரியும். அதனால் வா என்று எழுதவில்லை. நிலைமையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மணிவண்ணன்


கோயமுத்தூர்
5.2.2001

மாமா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் முழுக்க என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மிஷினை நிறுத்தாமல் அளவெடுக்கக் கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த இர்ஃபானா பிடித்து இழுத்துவிட்டாள்.

நான் இப்போது வந்தால் அப்பா என்னைத் திரும்ப விடமாட்டார். கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கடிதத்தில் எழுதிச் சொன்னாலும் அவரே பஸ் ஏறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பரீட்சை போய்விடும். பரீட்சை போனால் மூன்று வருஷமும் போச்சு. நான் மட்டும் போனால் பரவாயில்லை. பெண்களை எடுத்தால் பாதியில் கல்யாணம் என்று போய்விடுவார்கள் என்று கருப்பண்ணன் முதல் நாளே சொன்னார். எங்கள் பயிற்சி அதிகாரி மேடம் அவரோடு சண்டை போட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்கள். அடுத்த செட்டுக்குப் பெண்களை எடுப்பதா வேண்டாமா என்று எங்கள் பரீட்சையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் பார்த்தாயா என்று அவர் சொல்வார்.

இதெல்லாம் நிஜம். ஆனாலும் எழுத எழுத எனக்கே சாக்குச் சொல்வதுபோல்தான் தெரிகிறது.

ஏப்ரல் முடியட்டும் மாமா. பரீட்சை எழுதின அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன். அதுவரை அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் வருவார் என்று சொல்லுங்கள். அத்தைக்காகப் பொய் சொல்லுங்கள் என்று மறுபடியும் நானே கேட்கிறேன். இல்லை, எனக்காக. எப்போதும் எனக்காகத்தான்.

அருள்மொழி


தேவனூர் நாடு
19.3.2001

அருளு,

அம்மா போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டது. மதியம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

ஊரே வந்தது. பிறந்த வீட்டுக் கோடித் துணி வராமல் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் தாழும்வரை காத்திருந்தோம். மாமன் வரவில்லை. செல்லமுத்துவின் கையில் சேலையைக் கொடுத்தனுப்பினார். அரக்குச் சேலை. அதைப் போர்த்தித்தான் எடுத்தோம். போகிற வழியில் பலா மரத்தடியில் அவர் நின்றிருந்தார். நாங்கள் கடந்து போன பிறகு பின்னாலேயே நடந்து வந்தார். குழியில் மண் தள்ளும்போது தூரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். கூப்பிடலாம் என்று திரும்பினேன், என்னைப் பார்த்ததும் போய்விட்டார்.

உன் வீட்டில் உனக்குத் தந்தி அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு அந்த வீட்டோடு என்ன என்று மாமன் சொன்னாராம்.

நீ வராதே. பரீட்சை எழுது. இனி அவசரம் ஒன்றும் இல்லை.

மணிவண்ணன்


கோயமுத்தூர்
27.5.2001

மாமா,

பரீட்சை எழுதினேன். பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியிலேயே வேலையும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த செட்டுக்கும் பெண்களை எடுக்கிறார்கள். எழுதின அன்றைக்கே பஸ் ஏறுவேன் என்றேன். ஏறவில்லை. யாருக்காக ஏறுவது என்று விடுதியிலேயே படுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு எழுதுவது வேறு ஒன்று. இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

பரீட்சைச் சமயத்தில் இர்ஃபானாவுக்கு மஞ்சள் காமாலை. அலீம் பாய் வந்து சேந்தமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் எழுதவே இல்லை. மூன்று வருஷமும் வீணாகிவிட்டதே என்று அவளுக்காக நான் அழுதேன். போன வாரம் முகமெல்லாம் தெளிந்து திரும்பி வந்தாள். என்னடி செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "அக்டோபர்ல மறுபடியும் பரீட்சை இருக்குதாமே. மேடத்துக்கிட்ட கேட்டேன், அதுல எழுதிக்கோன்னுட்டாங்க" என்றாள். டீ குடிக்கப் போகலாமா என்பதுபோலச் சொன்னாள்.

நான் மேடத்திடம் ஓடினேன். ஆமாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும், தெரியாதா என்றார்கள். கல்யாணம் ஆனவர்களும் எழுதலாமாம். இங்கே மூன்று வருஷம் வேலை பார்த்தது எங்கேயும் போய்விடாதாம். எதற்குக் கேட்கிறாய் என்றார்கள். சும்மாதான் மேடம் என்றேன்.

நான் கேட்கவே இல்லை மாமா. பிப்ரவரியில் அந்தக் கதவைத் தட்டி, மேடம், எங்க அத்தைக்கு உடம்பு சரியில்லை, நான் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்குப் பரிந்து சண்டை போட்டவர்கள் அவர்கள். வீட்டுத் தொல்லையைச் சொன்னால் பெண்களே இப்படித்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, சிரித்த முகமாகவே திரிந்தேன். நம் மலையிலிருந்து வந்த யாருக்கும் ஆபீஸ் கதவைத் தட்டிக் கேட்கிற பழக்கமே இல்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா நமக்குக் கல்யாணமே செய்து வைத்திருந்தாலும், அக்டோபரில் நீங்கள் என்னைப் பஸ் ஏற்றி அனுப்பியிருப்பீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் நினைத்ததே இல்லை. அப்போது வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உங்களை நம்பி ஊரில் அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லச் சொன்னவள், இந்த ஒன்றில் மட்டும் உங்களை நம்பவில்லை. அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அப்பாவிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் தடுக்காதீர்கள்.

அருள்மொழி


தேவனூர் நாடு
14.6.2001

அருளு,

உன் கடிதத்தை மண்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். லோடு ஏற்றிய லாரி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நீ மட்டும் சுமக்காதே. நானும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

மாமனிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? அரை வாயில் சொன்னேன். அவர் போடா என்றதும் வந்துவிட்டேன். காலில் விழவில்லை, ஊர்க்கவுண்டரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அம்மாவிடமோ சொல்லவே இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தேனே, ஒரு நாளாவது காதில் சொல்லியிருக்கலாம். அண்ணன் வராவிட்டாலும், என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்றாவது அம்மா நிம்மதியாகப் போயிருக்கும்.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் அம்மா எப்படியாவது அழுது புரண்டு உன்னை எனக்குக் கட்டி வைத்துவிடும். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. ரொம்பவும் வேண்டும் என்று இருந்தது. படுத்துக் கிடக்கிற அம்மாவைச் சாக்கு வைத்து உன்னை இழுத்து வந்தவன் ஆகிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் அருவருப்பு. உனக்கு நல்லவனாக இருக்கப் பார்த்தேன். அம்மாவுக்குக் கெட்டவனாகவே இருந்துவிட்டேன்.

நீ மாமனிடம் சொல்வதானால் சொல். எனக்காகச் சொல்லாதே. பெண்ணை வேண்டாமென்றவன் என்ற பேர் எனக்குப் பழகிவிட்டது. மாமனுக்காகச் சொல். மூன்று வருஷமாக அவர் தன் தங்கச்சி வீட்டுப் பக்கமே வராமல் சுற்றிப் போனது ஒரு பொய்க்காக. அது அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் தாங்குவாரா என்றும் பயமாக இருக்கிறது.

மணிவண்ணன்


கோயமுத்தூர்
9.7.2001

மாமா,

போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா சாமை புடைத்து வைத்ததை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். நின்றுகொண்டேதான் சொன்னேன். நான்தான் கெஞ்சினேன், மாமா எனக்காகப் பொய் சொன்னாங்க, கையைப் பற்றிச் சொன்னதும் அதே பொய்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். அப்பா மூட்டையின் வாயைக் கட்டி முடித்தார். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எம் பொறந்தவ என்னையக் கேட்டாளா?"

"கேட்டாங்கப்பா. தினமும் கேட்டாங்களாம்."

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுங்கப்பா. பரீட்சை முடியட்டும்னு இருந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நானும் ஒரு எட்டுப் போயிருக்கலாம்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார் என்று பிறகு அம்மா சொன்னார்கள். அங்கே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். எனக்கு அதைக் கேட்க யோக்கியதை இல்லை.

மறுநாள் விடியற்காலையில் என் பெட்டியை அப்பாவே தூக்கிக்கொண்டார். செம்மேடு வரைக்கும் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்வார், வந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். இனிமேல் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என்று இருந்தேன்.

பஸ் வந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னல் பக்கமாக வந்து நின்றார். கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"பரிட்சை பாஸாயிட்டியா?"

"பாஸுங்கப்பா."

"அந்த வேலைய எந்தக் காலத்துலயும் உட்டுட்டு வந்துராத. அதுக்கு எம் பொறந்தவ உசுரு போயிருக்குது."

பஸ் கிளம்பிவிட்டது.

நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட். போவேன்.

அருள்மொழி